மாண்டவி நதியில் ஒரு பகல்

அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எவராவது சீட்டுக்கட்டைப் பிரித்தால் அம்மா விளக்குமாற்றை எடுத்துவிடுவாள். அவள் பிள்ளையாகிய நான், ஒரு மாத யாத்திரையின் நடுவே, கோவாவில் சூதாட்டக் கப்பலில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். மேஜைச் சூதாட்டத்தைக் கரையில் அனுமதியாத கோவாச் சட்டம், 1996-ல் கப்பலுக்கு மட்டும் விலக்களித்ததாம். தண்ணீர் பாவத்தைக் கழுவும் என்பது இதுதான் போலும்!

சுழலும் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 வீடுகள். எண் சரியாக விழுந்தால் ஒரு ரூபாய்க்கு 35 ரூபாய் லாபம்; வைத்த ரூபாயையும் சேர்த்தால் 36. மிச்சமுள்ள அந்த ஒரு வீடு யாருடையது என்பது எனக்கு விளங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அம்மா தறி நெய்து சேர்த்துக் கொடுத்த வழிச்செலவும் தீர்ந்துவிட்டது.

ஊர் திரும்பினேன். "ஏண்டா, அதற்குள் வந்துவிட்டாய்?" என்றாள். நான் பேசவில்லை. என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள்; பிறகு தறிக்குழியில் இறங்கி, பாதியில் நின்ற சேலையை நெய்யத் தொடங்கினாள்.