கலம் கரையும் விளக்கு – 2: கடல் நகர்ந்த தூரம்

போடியில் ஞாயிறு இரவு ரயில் ஏறினால் திங்கள் காலையில் சென்ட்ரல். எதிரில் உட்கார்ந்திருந்தவர் ஊரைக் கேட்டார். பொட்டிப்புரம் என்றேன். "நியூட்ரினோ ஊரா?" என்றார். எங்கள் ஊருக்கு இனி அந்தப் பெயர்தான் போலும். அம்பரப்பர் மலையைக் குடைந்து, தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டர் பாறை இருக்கும்படி 50,000 டன் இரும்பை வைத்து நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடிப்பதாகத் திட்டம். 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு போராட்டம், வழக்கு. மலை இன்னும் மலையாகவே இருக்கிறது. சென்னையின் கலங்கரை விளக்குகளைப் பார்க்கப் போகிறேன் என்றதும், "அந்த ஊர்க்காரருக்கு லைட் ஹவுஸில் என்ன வேலை?" என்று அடுத்த கேள்வி வந்தது. கடல் பார்க்காமல் வளர்ந்தவனுக்குத்தான் அந்த ஆசை அதிகம் என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

கலங்கரை என்ற சொல்லே எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. கரையில் இருப்பதால் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல்தான் இது. கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு. சிலப்பதிகாரத்திலேயே இந்தப் பெயர் வந்துவிட்டது.

சென்னையில் இப்படிக் கூவியவை நான்கு. இன்று கூவுவது ஒன்று. மற்ற மூன்றும் வாய் மூடிய கதை நடந்தே பார்த்துவிடக்கூடிய தூரத்தில் கிடக்கிறது.

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் சும்மா நுழைய முடியாது. எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் அங்கே வக்கீல் குமாஸ்தா. வாசலில் காத்திருந்தான். "கேஸ் இல்லாம கோர்ட்டுக்கு வந்த மொத ஆளு நீங்கதாண்ணே" என்றான். ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா வாசலையும் பூட்டிவிடுவார்களாம், பொதுவழி என்று யாரும் பாத்தியதை கொண்டாடிவிடக் கூடாது என்பதற்காக. நீதிமன்றத்துக்கே வழித்தகராறு பயம் இருப்பதைக் கேட்டபோது, வரப்புச் சண்டையில் கிடக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

உள்ளே மரங்களுக்கு நடுவே நிற்கிறது இரண்டாவது விளக்கு. 1844இல் ஏற்றியது. ஏறக்குறைய 125 அடி உயரத்தில் ஒற்றைக் கருங்கல் தூண், கிரேக்கக் கோயில் தூண் மாதிரி. ஜமீன் வீட்டுத் திண்ணைத் தூணில் ஒன்றை ராட்சசன் பெயர்த்து வந்து நட்டதுபோல் இருந்தது எனக்கு. உச்சியில் விளக்கு இல்லை. கீழே கறுப்பு அங்கிகள் கட்டுகளை அணைத்தபடி வேகமாகப் போகின்றன. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. "தினமும் இதைத் தாண்டித்தாண்ணே போறேன். இது என்னன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றான் தம்பி.

அதற்கும் மூத்தது 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் எரிந்தது. இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றினார்கள். கட்டடம் இருக்கிறது, விளக்கின் சுவடு இல்லை. அந்த நாளில் துறைமுகமும் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மனிதரும் மூட்டைகளும் மசூலாப் படகில் அலைமேல் ஏறி இறங்கிக் கரைசேர வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து வந்த மணல் அங்கே தடைபட்டுச் சேர்ந்தது. நாம் சுண்டல் வாங்கித் தின்னும் மெரினா மணலில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான். கோட்டைச் சுவரோரம் அலையடித்த கடல் விலகிப் போய்விட்டது.

மூன்றாவதைத் தேட வேண்டியதில்லை. 1892இல் திறந்த உயர் நீதிமன்றத்தின் பெரிய குவிமாடமே அது. 1894இல் தூணிலிருந்த வேலை அந்த 175 அடி உயரத்துக்கு மாறியது. சிவப்புக் கட்டடத்தின் உச்சியில் நீதிக்குக் கொஞ்சம் மேலே கப்பலுக்கான வெளிச்சம்!

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்தபோது சென்னை விளக்குகளை அணைத்திருக்கவில்லை. ஜெர்மன் கப்பல் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டுவிட்டு இருட்டில் மறைந்தது. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல்வெட்டு நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. கடலையே பார்க்காத என் அப்பத்தா, தாத்தாவைத் திட்டும்போது "எமண்டன்" என்பாள். மேற்கு மலையடிவாரம் வரை அந்தக் குண்டின் சத்தம் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

நீதிமன்றம் போன அன்றே நான்காவதான மெரினா விளக்கையும் முடித்துவிடலாம் என்று பஸ் ஏறிப் போய் நின்றால் பூட்டு. திங்கள்கிழமை விடுமுறை. மறுநாள் போனேன். 1977இல் வேலை தொடங்கிய மூன்று பக்கக் கான்கிரீட் கோபுரம், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை. படியேறித் தொடை கடுக்கும் என்று தயாராகப் போயிருந்தேன், லிஃப்ட் இருந்தது. சற்று ஏமாற்றம்தான். மேலே காற்று சட்டையைப் பிடுங்கியது, ஆடி மாதத்தில் தேனிக்கு வரும் காற்றைப்போல. கீழே நொச்சிக்குப்பம், கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்துவிட்ட ஃபைபர் படகுகள், தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம்.

நான்கில் உடம்பு நன்றாக இருப்பது இதற்குத்தான். ஆனால் செயற்கைக்கோள் வழிகாட்டும் கப்பலுக்கு இந்த விளக்கு எவ்வளவு தேவை? 1927ஆம் ஆண்டு கலங்கரை விளக்கச் சட்டத்தை நீக்கிவிட்டு 2021இல் வந்த சட்டத்தின் தலைப்பில் விளக்கு இல்லை. கடல்வழி உதவிகள் என்றுதான் இருக்கிறது.

இறங்கியதும் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "ஜிபிஎஸ் பையன் பார்ப்பான். எனக்கு இது தெரிஞ்சா போதும்" என்று கோபுரத்தைத் தாடையால் காட்டினார். பிறகு, "நீ எந்த ஊரு?" என்றார். சொன்னேன். அவருக்கு நியூட்ரினோ தெரியவில்லை. "மலையா? அங்க ராத்திரில எப்படி வழி தெரியும்?" என்று கேட்டார்.

நாளை மாமல்லபுரம். அங்கே பல்லவர் கோயிலின் தலையிலேயே விளக்கேற்றியிருக்கிறார்கள்.

(தொடரும்)