இலண்டனில் எங்கே தங்குவது?

வன்னியிலிருந்து இலண்டனுக்குப் பயணப்படும் ஒருவர் எங்கே தங்குவது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. உறவினர் முடிவு செய்துவிடுகின்றனர். கல்லூரி விடுமுறையில் இரண்டு வாரம் ஒதுக்கி, வன்னியின் பழைய ஆட்சிப் பதிவுகளைப் பார்வையிட நாம் புறப்பட்டபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. ஈஸ்ற்ஹாமில் வாழும் ஒன்றுவிட்ட தம்பியிடம் நல்ல விடுதி ஒன்றைப் பற்றி வினவினோம். “வீடிருக்க ஹோட்டலிலோ அண்ணை தங்கப் போறியள்? ஊர் என்னை என்ன சொல்லும்?” என்றார். குரலில் வருத்தம் தொனித்தது.

அவ்வருத்தத்தை அற்பமெனத் தள்ளலாகாது. 1995 இலும் 1996 இலும் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தோருக்கு வன்னி வீடுகள் விறாந்தையையும் முற்றத்தையும் ஒதுக்கிக் கொடுத்தன. எத்தனை நாள் தங்குவீர்கள் என்று எவரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை. அவ்வழக்கத்தில் வளர்ந்தவருக்கு, தமையன் வாடகை கொடுத்து அறை எடுப்பது வாசல்வரை வந்து திரும்பிப் போவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் இலண்டன் வீடு வன்னி வீடன்று. இங்கே மாமர நிழலில் பாய் விரித்தால் விருந்தினர் பத்துப் பேரும் அடங்குவர். அங்கே கணவன் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவான். மனைவி விடியலில் வேலைக்கு ஓடுவாள். ஒற்றைக் குளியலறை வாசலில் பிள்ளைகள் காத்து நிற்பர். நமக்கென ஒழித்துத் தரப்படுவது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அறையாகவே இருக்கும். மூன்று நாள் எல்லாரும் மகிழ்வர். பத்தாம் நாளும் மகிழ்வதுபோல் முகம் வைத்திருப்பர், அதுதான் கொடுமை.

“நடு நகரில் தங்குங்கள்” என்று அறிவுரை கூறியோரும் உளர். பிரித்தானிய நூதனசாலையையும், செயின்ற் பாங்ரஸ் அருகிலுள்ள பிரித்தானிய நூலகத்தையும் நாடிச் செல்வோருக்கு அது பொருந்தும். சைவ உணவுக்கு யூஸ்டன் நிலையத்தருகே டிரம்மண்ட் வீதி இருக்கிறது. கோடை விடுமுறையில் பல்கலைக்கழக மாணவர் விடுதிகள் சில தம் வெற்றறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும். (மலிவான பழைய ஹோட்டல்கள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. ஒடுங்கிய படிகளில் நான்கு மாடி பெட்டி சுமக்க இயலுமா என்று முதலில் தம் முழங்காலைக் கேட்டுக்கொள்க.)

நமது வேலையோ மேற்கே, கியூவில். பிரித்தானியர் காலத்து இலங்கை ஆள்பதிகள் குடியேற்ற அமைச்சுக்கு எழுதிய கடிதங்கள் அங்குள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ‘சி. ஓ. 54’ என்னும் வரிசையில் பேணப்படுகின்றன. 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னிக் கையேட்டைப் படித்தவர்க்கு, அக்கடிதக் கட்டுகளைக் கையால் புரட்டிப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. ஈஸ்ற்ஹாமிலிருந்து டிஸ்றிக்ற் வழி ரயிலில் இடையே மாறாமலே கியூவுக்குப் போய்விடலாம். ஆனால் தொண்ணூறு இலட்சம் மக்களளவில் வாழும் நகரைக் கிழக்கிலிருந்து மேற்குவரை ஊடறுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்லும். திரும்பிவர இன்னொரு மணி. இரண்டு வாரமே கையிலிருப்பவர்க்கு அது பெருஞ்செலவு.

சுவடிக்கூடத்தின் நேர அட்டவணையே நமக்கு வழி காட்டிற்று. ஞாயிறும் திங்களும் அங்கே வாசிப்பறை இல்லை. ஆகவே, செவ்வாய் முதல் சனிவரை ஈலிங்கில் ஒரு சிறு அறை எடுக்கலாம். அங்கிருந்து ஓரிடத்தில் ரயில் மாறினால் கியூ வந்துவிடும். கனகதுர்க்கை அம்மன் ஆலயமும் ஈலிங்கிலேயே இருப்பதால் வெள்ளிக்கிழமைக்குக் குறையில்லை. சனி மாலை தொடக்கம் செவ்வாய் விடியும்வரை தம்பி வீடு. விசா விண்ணப்பத்திலேயே தங்குமிட விபரம் கேட்கப்படுவதால் இதையெல்லாம் புறப்படுமுன்னரே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது.

தம்பி உடனே இசையவில்லை. வேலை நேரத்தைக் கணக்கிட்டுக் காட்டினோம். பிள்ளைக்குப் பரீட்சை என்பதை நினைவூட்டினோம். இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். விமான நிலையத்திலிருந்து நேரே தம் வீட்டுக்கு வந்து சாப்பிடவேண்டும், அறைத் திறப்பை அதன் பின்னரே வாங்கவேண்டும், அறையைத் தாமும் வந்து பார்ப்பார் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். மூன்றுக்கும் உடன்பட்டோம்.