அளவு நோட்டு

ஆடை தைப்பது பெண்களுக்குரிய வேலை என்னும் எண்ணம் நம் இல்லங்களில் எப்போது புகுந்தது என்பது ஆராயத்தக்கது. கடைவீதியில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ஆண். நம் சமுதாயத்திலேயே பரம்பரையாக இத்தொழிலைச் செய்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அதே இயந்திரம் வீட்டுக்குள் வந்துவிட்டால் பெண்மக்களின் உடைமையாகிவிடுகிறது. ஆண் அதைத் தொட்டால் சிரிப்பு எழுகிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்வார்கள், காலணியைச் செப்பனிடுவார்கள் என்று விடையளித்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. இதைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லி வருகிறேன். தையல் என் கைக்கு வந்ததோ 2022-இல், நாற்பது வயதைக் கடந்த பின்னர்.

புதுவையிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் வீராம்பட்டினம். மீனவர் ஊர். ஊருக்குள் நுழையுமுன் ஓட்டுக் கூரையின் கீழ் ஒரு தையற்கடை. கடைக்காரர் மீனவக் குடும்பத்தில் பிறந்தும் கடலுக்குப் போகாமல் கத்தரி பிடித்தவர். அவருக்கு ஆண்டில் இரண்டு அறுவடைகள். ஆடி மாதத்தில் செங்கழுநீர் அம்மன் கோயில் தேர்த்திருவிழா; பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து கவர்னரே வந்து வடம் பிடிக்கும் திருவிழா அது. மற்றொன்று நம் ரமலான். 2006 முதல் என் ஜுப்பாக்கள் யாவும் அவர் கையால் ஆனவை.

அவரை நான் தேடிச் சென்றதற்குக் காரணம் என் உடம்பு. ஆயத்த ஜுப்பா எதை அணிந்தாலும் கழுத்து ஒருபுறமாக இழுக்கும். எந்தக் கடையிலும் ஏனென்று சொல்லவில்லை. அவர் முதல்நாள் டேப்பை வைத்தவுடனே சொன்னார்: “பாய், உங்க வலது தோள் அரை விரல் இறக்கம். சின்ன வயசுல பை சுமந்த தோளா?”

அத்தோடு விடவில்லை. “தொழுகையில குனிவீங்களே, அப்படிக் குனிஞ்சு காட்டுங்க” என்றார். ருகூவின் நிலையில் நிற்க வைத்து முதுகை அளந்தார். கைகளை உயர்த்தச் சொல்லி அக்குளிலிருந்து இடுப்பு வரை அளந்தார். நின்றபடி எடுக்கும் அளவு நிற்பவனுக்குத்தான் பொருந்தும் என்பது அவர் கருத்து. அக்குளில் சிறு சதுரத் துண்டு ஒன்றைக் குறுக்கே திருப்பி வைத்துத் தைப்பார். பாவு நூலின் வழியாகவோ ஊடையின் வழியாகவோ இழுத்தால் துணி நெகிழாது. மூலைவாட்டில் இழுத்தால் நெகிழும். அந்த நெகிழ்ச்சியைத்தான் கை உயரும் இடத்தில் வைக்கிறார். வலை வீசுகிறவர்களின் சட்டைக்கும் அவர் அதையே செய்வதைப் பின்னர் கண்டேன்.

2022-இல் ஒருநாள் துணியோடு போனேன். வாங்கவில்லை. “கண்ல புரை விழுந்துடுச்சு பாய். ஊசி தெரியுது, காது தெரியல. வேற ஆளப் பாருங்க” என்றார். மூத்த மகன் படகில் போகிறார். இளையவருக்குத் தொழிற்சாலையில் வேலை. கத்தரியை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் கடத்திக்கொண்டிருந்தார். வேறு யாரிடம் போவது என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “நீங்களே வெட்டுங்க. நான் சொல்றேன்” என்றார்.

மதரஸாவில் ளுஹருக்கும் அஸருக்கும் இடையே கிடைக்கும் ஓய்வு நேரம் அன்று முதல் அந்தக் கடையில் கழிந்தது. முதல் வாரம் நூலே இல்லை. பழைய செய்தித்தாளில் கோடு கிழித்து, வெறும் ஊசியால் அந்தக் கோட்டின் மேல் ஓட்ட வேண்டும். கால் மிதிக்கும் வேகமும் கை நகர்த்தும் வேகமும் ஒன்றுபடும் வரை தாளில் விழும் துளைகள் எறும்பு வரிசைபோல வளைந்து போகும். சக்கரத்தைக் கையால் முன்னோக்கித் தள்ளிக் காலை எடுக்க வேண்டும். அது பின்னோக்கிச் சுற்றினால் அடிநூல் சிக்கும். இதெல்லாம் ஒருவர் சொல்லிப் புரிவதன்று. வீட்டில் இல்லாளின் இயந்திரத்தில் இரவில் பழகினேன். “என்னங்க, மிஷினை உடைச்சிடாதீங்க” என்பதே அவரிடமிருந்து கிடைத்த முதல் ஊக்கம்.

இரண்டாம் வாரம் பழைய ஜுப்பா ஒன்றைத் தையல் தையலாகப் பிரிக்கச் சொன்னார். தொடக்கநிலையில் இருப்பவர்க்கு இதைவிட நல்ல ஆசான் இல்லை என்பேன். தட்டையாக விரித்துப் பார்க்கும்போதுதான் கை என்பது குழாயன்று, மேலே மலைபோல் வளைந்த துண்டு என்பது விளங்குகிறது. கழுத்தின் முன்பக்கம் ஆழமாகவும் பின்பக்கம் மேலாகவும் இருப்பது தெரிகிறது. என் ஜுப்பாவின் இரு தோள் துண்டுகளும் ஒன்றுபோல் இல்லை. பதினாறு ஆண்டுகளாக அணிந்தும் அதுவரை நான் கண்ணால் காணாத வித்தியாசம்.

பிறகு புதுத்துணி. பருத்தியாயின் கோடித்துணியை ஓர் இரவு நீரில் ஊறப்போட்டு உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். இல்லையேல் முதல் சலவையில் துணி சுருங்கி, தைத்தவன் பழியேற்பான். துணியின் கரை ஓடும் திசையே பாவின் திசை. ஆடையின் நீளம் அதன்படி அமைய வேண்டும். அளவுக்கோட்டுக்கு வெளியே தையலுக்காக அரை அங்குலம் விட வேண்டும். கோடுகளையெல்லாம் சாக்குக்கட்டியால் போட்டு முடித்தேன். கத்தரியைக் கையில் எடுத்தபோது வியர்த்தது. கிதாபில் எழுதியதை அழித்துத் திருத்தலாம். வெட்டிய துணி ஒட்டாது. பெரியவர் என் தயக்கத்தை உணர்ந்து, கோடுகளின் மேல் விரலை ஓட்டி, டேப்பை மடித்து மடித்துத் தடவி அளந்தார். பிறகு, “வெட்டுங்க, பயப்படாதீங்க” என்றார்.

கடைக்கு எதிரே மரநிழலில் மீனவர்கள் அமர்ந்து கிழிந்த வலைகளைச் சீர்செய்வது வழக்கம். அவர்கள் கையிலும் ஊசி, நூல். கண்ணுக்குக் கண் அளவு பிசகாமல் முடிச்சிடும் அந்த வேலையைப் பார்த்து யாரும் பெண்பிள்ளை வேலை என்று சிரித்ததில்லை. அவர்களுள் ஒருவர் எட்டிப் பார்த்து, “பாய், நம்ம வேலைக்கு வந்துட்டீங்க” என்றார். நான் பெற்ற சான்றிதழ்களுள் அதையும் ஒன்றாக எண்ணுகிறேன்.

கல்லூரியில் வரலாறு பயின்றவன் ஆதலால் ஒரு செய்தியைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இக்கடையிலிருந்து சிறிது தொலைவில்தான் அரிக்கமேடு. 1945-இல் அங்கு அகழாய்வு செய்த மார்ட்டிமர் வீலர், செங்கல்லால் கட்டிய தொட்டிகளைக் கண்டு, அவை துணிக்குச் சாயம் தோய்க்கப் பயன்பட்டவை என்று கருதினார். பிற்காலத்தில் புதுவையின் நீலத்துணி கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை சென்றது. அங்கே பிசின் வாங்கும் வணிகத்தில் அத்துணியே பணமாகப் புழங்கியது. பிறகு ஆலைகள் வந்தன. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையாயினர். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. 1898-இல் தோன்றி, ஏ.எப்.டி. என்று பெயர் பெற்ற ரோடியர் மில் 2020-இல் மூடப்பட்டது. உலகுக்குத் துணி கொடுத்த இந்த மண்ணில், ஒரு ஜுப்பா தைக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது.

இயந்திரத்தைக் கண்டு தையற்காரர் அஞ்சிய காலமும் உண்டு. பிரான்சில் திமோனியே என்பவர் 1830-இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸில் அவருடைய பட்டறை ராணுவச் சீருடைகளைத் தைத்தது. பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் மறு ஆண்டே அங்குப் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினர். ஆயினும் அந்த இயந்திரமே பிற்காலத்தில் உலகெங்கும் சிறு தையற்காரருக்குச் சோறு போட்டது. அவரைத் தெருவை விட்டு அகற்றிக்கொண்டிருப்பது ஆயத்த ஆடை. நாற்பது, நாற்பத்திரண்டு என்று எண்ணிட்டுத் தொங்கும் சட்டைக்குள் நம் உடம்பைப் பொருத்திக்கொள்ளப் பழகிவிட்டோம்.

சொந்தமாகத் தைப்பதால் பணம் மிச்சமாகும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மூன்றரை மீட்டர் துணி, நூல், பொத்தான், பதினெட்டு நாள் ஓய்வு நேரம் அனைத்தையும் கணக்கிட்டால் ஆயத்த ஜுப்பாவே மலிவு. அந்தப் பதினெட்டு நாள்களுக்குப் பின், விலைச்சீட்டைப் பார்க்கும்போதெல்லாம், இதைத் தைத்த கைக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. முன்பு அப்படிப் போட்டதில்லை.

பெரியவரிடம் அளவு நோட்டு ஒன்று இருக்கிறது. நீளமான கணக்குப் பேரேடு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். “ஐஸ் கம்பெனிக்காரர்”, “டிரில் வாத்தியார்” என்று அடையாளங்கள். சில பக்கங்களின் மேல் சிறு கோடு இருந்தது. இறந்துபோனவர்கள் என்றார். ஏன் கிழிக்கவில்லை என்று கேட்டேன். “புள்ளைங்க வருவாங்க பாய். அப்பன் உடம்பு அப்படியே இருக்கும்” என்றார். “பாய் - ஜுப்பா” என்ற என் பக்கத்தில் தோள் அகலத்துக்கு எதிரே, “வலது அரை விரல் கம்மி” என்று இருந்தது. அதன் கீழே ஆண்டுதோறும் ஏறிவந்த என் இடுப்பளவு. அதைப் பற்றி இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. அந்த ஒரு தாளை மட்டும் பிரித்து என்னிடம் கொடுத்தார்.

2023-இல் அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தது, பார்வை திரும்பியது. ஆனால் கத்தரியை மீண்டும் எடுக்கவில்லை. நான் அதுவரை இரண்டு ஜுப்பாக்கள் தைத்து முடித்திருந்தேன். மூன்றாவதற்குத் துணி எடுத்தபோது, “அத்தா, எனக்கும் ஒண்ணு தைங்க” என்றான் பிளஸ் டூ படிக்கும் என் மகன். நிறுத்தி, குனியச் சொல்லி, கைகளைத் தூக்கச் சொல்லி அளந்தேன். அவனுக்கும் வலது தோள் சற்று இறக்கம். அந்தத் தாளிலேயே என் அளவுகளுக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

காஜா மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை. வெட்டிய துளையின் ஓரத்தில் நூல் நெருக்கமாக, ஒரே உயரத்தில் அமர வேண்டும். அதற்காக இப்போதும் வீராம்பட்டினம் போகிறேன். வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, துணியை மடியில் வைத்துக்கொண்டு, எதிரே வலை சீர்செய்கிறவர்களோடு பேசியபடியே எடுத்துத் தருகிறார். காஜா ஒன்றுக்கு இரண்டு ரூபாய். பேரம் பேசுவதில்லை.