தோட்டத்திலிருந்து மேசைக்கு

மலேசியத் தமிழில் ‘தோட்டம்’ என்ற சொல்லுக்குப் பொருளே வேறு. தமிழ்நாட்டு நண்பர்களிடம் நான் தோட்டத்தில் பிறந்தவன் என்றால், மாமரமும் கிணறுமாக எதையோ கற்பனை செய்துகொள்கிறார்கள். எங்களுக்குத் தோட்டம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை பால்மரம், லயம், பெரட்டு, கிராணி. அங்கே கம்பெனி விளைவித்த எதையும் வாயில் வைக்க முடியாது.

அதனால்தான் போன வருஷம் யான் பக்கத்தில் ஓர் உணவகப் பலகையில் ‘ஃபார்ம் டு டேபிள்’ என்று பார்த்ததும் அதை மனசுக்குள் தமிழாக்கிச் சிரித்துக்கொண்டேன். தோட்டத்திலிருந்து மேசைக்கு. லயத்து வீட்டுக்குத் தோட்டத்திலிருந்து வந்தது கட்டிப்பால் வாடை. மேசை ஏது?

சுங்கை பட்டாணியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முன்னால் பச்சை வயல், பின்னால் 1,217 மீட்டர் உயரத்தில் குனோங் ஜெராய். சாப்பாடு ஆடம்பரமில்லை. அந்த வயலின் அரிசிச் சோறு, சுட்ட கெளுத்தி, புளித்தண்ணி, சம்பல் பெலாச்சான், ஒரு தட்டு நிறைய ‘உலாம்’ எனும் பச்சைக்கீரைகள். முந்திரிக்கொழுந்து, வல்லாரை, சிறகவரை, அவித்த வாழைப்பூ.

அம்மா கொழுந்தை எடுத்துச் சம்பலில் தொட்டு மென்றார். துவர்ப்பு ஏறியதும் முகம் மாறியது. இன்னொன்றை எடுத்தார். மீன் பக்கம் கை போகவே இல்லை.

“இதெல்லாம் லயத்துக்குப் பின்னாடி சும்மா கெடந்துச்சுய்யா. இதுக்கா காசு வாங்குறானுங்க?”

“சும்மாவா கெடந்துச்சு? நீங்க தண்ணி ஊத்தலையா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “ஊத்தினேன். பால் வெட்டிட்டு வந்து, ரெண்டு வாளி தூக்கி ஊத்தினேன்.”

அந்த ரெண்டு வாளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கெடா நெற்களஞ்சியம். கரையோரச் சமவெளி நெடுக நெல். உள்ளே மேடேறினால் ரப்பர். ஆனால் மலாயாத் தோட்டங்களுக்கான அரிசி பெரும்பாலும் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. 1930களின் மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பெருந்தொகையானவர்கள் ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். மிஞ்சியவர்களின் கூலி குறைந்தது. ஜப்பான்காரன் காலத்தில் பர்மா அரிசி நின்றது. ஆண்களைச் சயாம் ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு. ஒவ்வொரு முறையும் குடும்பத்தைத் தாங்கியது லயத்துக்குப் பின்னாலிருந்த அந்தத் துண்டு நிலம்தான்.

இதை நாம் பெருமையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். முருங்கை, பசளி, கோழி, ஆடு என்று ஏக்கத்தோடு எழுதுகிறோம். கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்பதில்லை. குழம்புக்கான காய் பின்கட்டிலிருந்து வந்துவிட்டால், குறைந்த கூலியிலும் குடும்பம் ஓடும். அம்மா ஊற்றிய தண்ணீர் கீரைக்கு மட்டும் போகவில்லை. கம்பெனியின் லாபத்துக்கும் பாய்ந்தது.

அப்படியிருந்தும் அந்த மண் எங்கள் பெயரில் இல்லை. பீடோங் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள், பிறகு நிலம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது தளவாடத்துக்கு லாரி வந்தது. முருங்கையை எந்த லாரியில் ஏற்றுவது? புதிதாகக் கிடைத்த வீட்டின் பின்புறம் சிமெண்டுத் தரையும் சாக்கடையும்.

பரிமாறிய மலாய்ப் பையன் அம்மாவை ‘மக்சிக்’ என்றான். மீன் வயலில் பிடித்ததா என்று அம்மா மலாயில் கேட்டார். குளத்தில் வளர்த்ததாம். 1970இல் மூடா பாசனத் திட்டம் வந்து இருபோகம் ஆனது; விளைச்சல் பெருகியது, பூச்சிமருந்தும் பெருகியது, வயல்மீன் குறைந்தது. வயல்காரர்கள் இழந்ததும் உண்டு. ஆனால் அந்தப் பையன் ஜன்னல் வழியாகக் கைநீட்டி, “அதோ, அந்த வரப்புவரை என் தாத்தாவுடையது” என்றான். நீட்டிய விரலுக்கு எதிரே நிலம் இருந்தது.

அம்மாவுக்கு அப்படிக் கைநீட்ட ஒரு திசை இல்லை.

‘ஃபார்ம் டு டேபிள்’ என்பதைச் சுவை சம்பந்தப்பட்ட விஷயமாகப் பேசுகிறார்கள். இன்று பறித்தது, இன்று சமைத்தது. எனக்கு அது பட்டா சம்பந்தப்பட்ட விஷயமாகத் தெரிகிறது. யாருடைய நிலம் என்று சொல்ல முடிந்தால்தான் எங்கிருந்து வந்த சோறு என்று பலகை எழுத முடியும். நான்கு தலைமுறை அந்த மண்ணைக் கொத்தியவர்களின் கீரைக்கு ஊர்ப்பெயர் கிடையாது, விலை கிடையாது. ‘சும்மா கெடந்தது’ என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்ததுதான் தோட்டத்தின் ஆகப்பெரிய சாமர்த்தியம்.

இருவருக்கும் 64 வெள்ளி ஆனது. அதிகம் என்று அம்மா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு அது குறைவென்றே பட்டது. கொழுந்து பறித்த கைக்கும், தண்ணீர் சுமந்த தோளுக்கும் ஒரு விலை உண்டு என்று எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்த முதல் ரசீது அது.