படகின் திரையும் ஈயக்குண்டும்

கொச்சித் தோப்பும்படித் துறைமுகத்தில் அணிவகுத்து நிற்கும் படகுகளை, பாலத்தின்மேல் செல்லும் பேருந்திலிருந்து நம் சங்கத்து அன்பர்களிற் பலர் கண்டிருத்தல் கூடும். அவற்றுட் பல, குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரையினருடையவை என்பதை அறிந்தோர் சிலரே. நம் இல்லாளின் தம்பியும் அக்கரையினர். 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அவருடைய படகு போயிற்று. ஆள் பிழைத்து வந்தார். பின்னர்க் கடன்பட்டுப் பழைய படகொன்றை வாங்கினார். முன்னிருந்த உடைமையாளர் பொருத்திய எக்கோ சவுண்டர் கருவியும் அப்படகில் இருந்தது. அக்கருவியைப் பற்றியும், அதன்பொருட்டு நாம் அடைந்த நாணத்தைப் பற்றியுமே இங்கு எழுதத் துணிந்தோம்.

நாம் கணக்கெழுதிப் பிழைக்கிறோம். கடலோடு நமக்குள்ள உறவு மீன்குழம்பளவினதே. ஆயினும் கருவியின் விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தமையால், "அத்தான், நீங்கள் ஒருமுறை உடன்வந்து படித்துச் சொன்னால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மைத்துனர் வேண்டினார். மறுக்க மனம் வரவில்லை. படித்தவர் என்ற பெயர் குடும்பத்தில் நமக்கு இருந்ததன்றோ! எழுபதைக் கடந்தும் கடலை விடாத மாமனாரும் அந்தப் பயணத்தில் உடன் வந்தார். தம் பழைய ஈயக்குண்டையும் கயிற்றையும் ஒரு சாக்குப்பையிற் போட்டு எடுத்து வந்தார்.

நாடியது கலவா மீன். அது சேற்றில் வாழாது. கடலடிப் பாறையாகிய பாரில் பதுங்கும். கொல்லத்துக்கு மேற்கே, 60 பாகம், அதாவது சுமார் 110 மீட்டர் ஆழத்தில் தேடினோம். திரை வெளிறிக் கிடந்தது. அடித்தளம் மெல்லிய கோடாகவே தெரிந்தது. படம் மங்கல் என்றால் ஒலியுணர்வைக் கூட்டவேண்டும் எனப் புத்தகத்தில் படித்திருந்தோம். தானியங்கும் முறையை நிறுத்திவிட்டு, 'கெயின்' என்னும் அளவைக் கூட்டிக்கொண்டே போனோம். என்ன வியப்பு! திரை முழுதும் புள்ளிகள். அடித்தளமோ செக்கச் சிவந்து, கீழே நீண்ட வால் விட்டுத் தடித்தது. கடினமான தரைக்கு இதுவே அடையாளம் என அதே புத்தகம் கூறியது. "பார், பார்!" என்று கூவினோம். எந்தப் பொருளிற் கூவினோம் என்பது இன்றும் நமக்கே ஐயம்.

மாமனார் குண்டின் அடிக்குழியில் சோப்பை அப்பிக் கடலில் இறக்கினார். ஏற்றியபொழுது சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தது. அதை நம் மூக்கருகே நீட்டி, "மருமகனே, இது சேறு" என்றார். மைத்துனர் தந்தையையும் நம்மையும் மாறி மாறி நோக்கினார். பின்பு, நம் படிப்பை மதித்துத் தூண்டில்களை இறக்கினார். இரண்டு இரவுகள் கழிந்தன. கிடைத்தவை ஒரு கூடை கெளிறு. டீசலும் ஐஸும் இரையும் கடனில் வாங்கியவை. கரை திரும்பியபொழுது எவரும் நம்மை ஒரு சொல்லும் கடியவில்லை, அதுவே பொறுத்தற்கரிதாயிற்று.

அதன்பின் ஞாயிறுதோறும், கட்டிக் கிடக்கும் படகில் அமர்ந்து புத்தகத்தை முதலிலிருந்து படித்தோம். துறைமுகத்தில் கருவி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரும் பொறுமையுடன் விளக்கினார். படகின் அடியிலுள்ள வில்லை ஒலியைக் கீழே அனுப்புகிறது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். ஆகவே 60 பாகத்துக்குப் போய்த் திரும்ப, நொடியில் ஏழிலொரு பங்கு ஆகும். திரையின் வலது ஓரம் மட்டுமே இந்த நொடி. இடப்புறம் உள்ளவை கடந்துபோனவை. நாமோ திரை முழுவதையும் படகின் கீழுள்ள கடலின் ஓவியம் என எண்ணியிருந்தோம்.

நம் பிழை யாதென்பதும் விளங்கிற்று. கெயினை மிகக் கூட்டினால் சேற்றின் மெலிந்த எதிரொலியும் பாறையின் எதிரொலிபோற் பருத்துத் தோன்றும். நுண்ணுயிர்க் கூட்டமும், புரொபெல்லர் கிளப்பிய நீர்க்குமிழியும், எஞ்சினின் மின்னிரைச்சலும் மீனாக வேடமிடும். 1942இல் கலிபோர்னியாக் கடலில் ஒலிக்கருவி கொண்டு ஆய்ந்தோர், சில நூறு மீட்டர் ஆழத்தில் அடித்தளம் போன்றதொரு படலத்தைக் கண்டு மயங்கினராம். அது மாலையில் மேலெழுந்து காலையில் தாழ்ந்ததனால், உயிர்க்கூட்டம் எனப் பின்னர் அறிந்தனர். பெரியோரும் ஏமாந்தனர் என்பதில் நமக்குச் சற்று ஆறுதல். மைத்துனரின் கடனுக்கு அந்த ஆறுதல் உதவாது.

இளைஞர் கற்பித்த முறை எளிது. திரையின் ஆழ எல்லையை உண்மை ஆழத்தின் இருமடங்குக்கும் மேலாக, நம் இடத்துக்கு 300 மீட்டராக, வைக்கவேண்டும். ஒலி தரையில் மோதி, நீர்மட்டத்திற் பட்டு, மறுமுறை தரைக்குப் போய் வருவதால் இருமடங்கு ஆழத்தில் இரண்டாம் அடித்தளம் ஒன்று தோன்றும். அது மெலிதாகத் தெரியத் தொடங்கும் அளவில் கெயினை நிறுத்தவேண்டும், அப்பால் தொடலாகாது. அதே அளவில் படகு பாரின்மேல் வரும்பொழுது இரண்டாம் கோடு தடிக்கும்; சேற்றின்மேல் மறையும்.

அடுத்தது அதிர்வெண். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஆழம் போகும், ஆனால் அகன்று பரவும். கோணம் 45 பாகை எனக் கொண்டால் 110 மீட்டர் ஆழத்தில் அது 90 மீட்டர் அகலத் தரையைத் தழுவுகிறது. பக்கத்திலுள்ள பாறையும் நேர் கீழே உள்ளதுபோற் காட்டும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி 12 பாகைக்குள் அடங்குமாயின் 23 மீட்டரே. அகலத்தாற் தேடிக் குறுகியதாற் குறிபார்த்தல் நலம். அயற்படகின் கருவியால் விழும் சாய்ந்த புள்ளிக்கோடுகளை நீக்கவும் ஓர் அமைப்பு உண்டு. அதை மிகுத்தால் சிறுமீனும் கோடுகளோடு மறைந்துவிடும். இவை யாவற்றினும் முன்னதாக, வில்லையில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டி எடுத்தோம். முதல்நாளே படம் வெளிறியதற்கு அவையும் காரணம் என்றார் இளைஞர். அது எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தேடினோம். கருவியைப் பேணுதல் என்ற கடைசி அதிகாரத்தில் இருந்தது!

மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதற்குமுன் எஞ்சியது மே மாதத்துப் பயணம் ஒன்றே. கடன் தவணையும் அதிலிருந்தே வரவேண்டும். வேண்டாவென்று நாம் சொல்லியும், "வாருங்கள் அத்தான்" என்று மைத்துனர் அழைத்துச் சென்றார். அதே ஆழம். இரண்டாம் கோடு மெலிதாய் ஓடியது. பல நாழிகை அவ்வாறே ஓடிற்று. நாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். விடியற்காலையில் அது திடீரெனத் தடித்தது. குறுகிய ஒலிக்கு மாற்றினோம்; தரையிலிருந்து ஒரு மேடு எழுந்து, அதன் தோளில் சிறு சிறு வில்வளைவுகள் தெரிந்தன. இம்முறை நாம் கூவவில்லை. "மாமா, குண்டு போடுங்கள்" என்று மட்டும் சொன்னோம்.

சோப்பில் சேறில்லை. வடுவும், நொறுங்கிய சிப்பித் துணுக்குகளும் இருந்தன. மாமனார் அதை நெடுநேரம் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இறக்கலாம்" என்றார்.

தவணை கட்டியாயிற்று, முழுக்கடனும் தீர்ந்ததென்று சொல்வதற்கில்லை. தடைக்காலத்தில், அளவுகளைத் தமிழில் ஓர் அட்டையில் எழுதித் தருமாறு மாமனார் கேட்டார். எழுதினோம். ஓட்டுநர் அறையில் அது இன்றும் தொங்குகிறது. கெயின், எல்லை, அதிர்வெண், வில்லையைத் துடைத்தல் என நான்கு வரிகள் நம்முடையவை. ஐந்தாவதை மாமனார் சொல்ல எழுதினோம்: குண்டு இறக்கிப் பார்க்கவும்.