கேரவன் வாசலில் ஒரு ஹெல்த் விசிட்டர்

"கடிதம் அனுப்பினோம், தாய் வரவில்லை." இங்கிலாந்தில் ஜிப்சி, டிராவலர் குடும்பங்களின் கோப்புகளில் இந்த வரி சலிக்கச் சலிக்க வரும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது என் வேலை. வீடு கேரவனாக இருந்தால் அந்த வரியை நான் நம்புவதில்லை. கடிதம் போய்ச் சேர்ந்தபோது குடும்பம் அங்கே இருந்ததா, இருந்தாலும் வாசித்துச் சொல்ல யாராவது இருந்தார்களா? அதனால் போனில் கூப்பிட்டுப் பேசிவிட்டுத்தான் போவேன்.

உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்ற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கை கழுவ எந்தப் பாத்திரம் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். பாத்திரம் கழுவ ஒன்று, கை கழுவ இன்னொன்று என்று பல வீடுகளில் கண்டிப்பு உண்டு. மாற்றிக் கழுவினால் அன்றைய பேச்சு அதோடு சரி. கருத்தடை பற்றிய பேச்சை, ஆண்கள் குதிரையைப் பார்க்க வெளியே போன பிறகுதான் எடுப்பேன்.

டாக்டரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயமில்லை என்று பொது மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் வழிகாட்டுதலே சொல்கிறது. வரவேற்பு மேசையில் இருப்பவர்களில் பலருக்கு அது தெரியாது. தெரிந்தே கேட்பவர்களும் உண்டு. அந்த வழிகாட்டுதலின் அச்சுப் பிரதி எப்போதும் என் பையில் இருக்கும். தாயோடு போய் நின்று அதை மேசைமேல் வைப்பேன். பெரும்பாலும் அதுவே போதும்.

கேரவன் தளம் அமைப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமை என்றது 1968ஆம் ஆண்டுச் சட்டம். 1994இல் அந்தக் கடமையை எடுத்துவிட்டார்கள். தளத்தில் இடம் கிடைக்காதவர்களை ஊர் ஊராகக் கிளப்பினால், கர்ப்பிணியின் ஸ்கேன் முடிவு பழைய ஊரிலேயே கிடக்கும். குழந்தைக்குக் கொடுக்கும் சிவப்புப் புத்தகம் ஒன்றுதான் கூடவே பயணிக்கும். அதில் எடை, போட்ட ஊசி, அடுத்து போட வேண்டியது எல்லாவற்றையும் புரியும் கையெழுத்தில் எழுதுவேன். சுருக்கெழுத்து கிறுக்கும் சகாக்கள்மீது எனக்குக் கோபம் உண்டு.

அயர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வு, டிராவலர் ஆண்களின் சராசரி ஆயுள் 61.7 என்றது; மற்ற ஆண்களைவிட 15 ஆண்டு குறைவு. இங்கிலாந்தில் அப்படிக் கணக்கிடவே சிரமம். மருத்துவமனைகளின் இனப் பட்டியல் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டியது. இவர்களுக்கென்று தனிக் கட்டம் 2011 கணக்கெடுப்பில்தான் வந்தது. பழைய பட்டியலில் 'பிற வெள்ளையர்' என்று குறித்துவிட்டால் அந்தப் பிரசவம் எந்தக் கணக்கிலும் தெரியாது. அதனால் குறிப்புப் பகுதியில், தாயிடம் கேட்டுவிட்டு, 'ஐரிஷ் டிராவலர்' என்று தனியாக எழுதிவைக்கிறேன். வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பட்ட அவமானங்களைக் கேட்டிருப்பதால் வற்புறுத்துவதில்லை.