முன்பணம்

சங்கத்தில் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த முதல் வேலை, ஊரில் வியாபாரிகள் எப்படிக் கடன் கொடுக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வருவது. காப்பி விவசாயிகளோடு உட்கார்ந்து அவர்களுக்குத் தோதான கடனையும் சேமிப்பையும் வகுக்கும் வேலைக்கு, வணிகவியல் படித்துவிட்டு வந்தவள் நான். சங்கம் கீழ்ப்பழனி மலையில் இருக்கிறது. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள்தான் உறுப்பினர்கள். கணக்கு வழக்கைப் பார்ப்பவர் கூட்டுறவு வங்கியில் ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் சார்.

"வட்டி எவ்வளவுன்னு கேக்காதம்மா. அது அவங்களுக்கே சரியாத் தெரியாது. எப்பக் குடுத்தான், எங்க வச்சுக் குடுத்தான், திருப்பி வாங்குறப்ப எதைப் புடிச்சான், இந்த மூணையும் எழுதிட்டு வா" என்றார்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கமெல்லாம் காப்பி தனிப் பயிராக நிற்பதில்லை. மேலே சில்வர் ஓக்கும் பலாவும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடியும், ஊடே மலைவாழையும், அங்கங்கே மிச்சமிருக்கும் கமலா ஆரஞ்சும் சேர்ந்ததுதான் ஒரு தோட்டம். சரக்கு மலையிறங்கி பட்டிவீரன்பட்டிக்கோ வத்தலக்குண்டுக்கோ போகும். அதே வழியில் வியாபாரியின் பணம் மேலே வரும். மகளைக் கல்லூரியில் சேர்க்கும் ஆனி மாதத்தில் வரும். ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஜீப் பேச வேண்டியிருந்தாலும் வரும். கையெழுத்து கிடையாது, பட்டா நகல் கிடையாது. "காப்பியை நமக்கே போட்டுருங்கண்ணே" என்ற ஒரு சொல்தான் பத்திரம்.

எழுதிக்கொண்டு போனதை வைத்து சார் கணக்குப் போட வைத்தார். ஆவணியில் 10,000 ரூபாய் வாங்கியவர் தை மாதம் பார்ச்மென்ட், அதாவது கழுவிக் காயவைத்த, தோல் நீக்காத காப்பி, போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை சந்தையில் 15,000 போகிறது. வியாபாரி 14,000 என்று எடுக்கிறார். நான்கு மூட்டை போட்டால் 4,000 ரூபாய் போயிற்று. ஐந்து மாதத்தில் நூற்றுக்கு நாற்பது. இதை மாத வட்டியாகச் சொன்னால் எந்த விவசாயியும் வாங்க மாட்டார். ஆனால் வட்டி என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

"இப்ப ரெண்டு மூட்டைதான் விளைஞ்சுதுன்னு போட்டுப் பாரு" என்றார் சார். 2,000. செடியைப் பூக்கவைக்கும் பூ மழை பொய்த்து ஒரு மூட்டைதான் என்றால் 1,000. அசலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிக்கொள்வார்கள். விளைச்சல் குறைந்தால் சுமையும் குறைகிற கடன் அது. கூட்டுறவுக் கடனில் இந்த ஒரு குணம் இல்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தேதிக்குள் கட்டினால் வட்டியே கிடையாது. அப்படியிருந்தும் ஏன் வியாபாரியிடம் போகிறார்கள் என்று அதிகாரிகள் ஆண்டுதோறும் ஆச்சரியப்படுகிறார்கள். தேதி என்பது மழைக்குத் தெரியாது. அது போக, பாதித் தோட்டங்களின் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. நான்கு பங்காளிகள் கையெழுத்துப் போட்டு, கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி, கீழே போய் வரிசையில் நிற்பதற்குள் களையெடுக்கும் பருவம் முடிந்துவிடும்.

வியாபாரியை வில்லனாக்கும் கட்டுரைகளை நான் கல்லூரியில் நிறையப் படித்திருக்கிறேன். எழுதியவர்கள் யாரும் அவருடைய கருவியைப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எதைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடமாக எனக்கு அமைந்தது. அவரும் சும்மா சம்பாதிக்கவில்லை. மூழ்கிப்போகும் கடன்களும் அவருக்கு உண்டு. அவற்றையும் சேர்த்துத்தான் அந்த 1,000 ரூபாயைக் குறைக்கிறார்.

அடுத்து மாதக் கணக்கு. தரையில் சாக்பீஸால் பன்னிரண்டு கட்டம் போட்டு, காப்பிக் கொட்டையைக் கையில் கொடுத்து, எந்த மாதம் எவ்வளவு பணம் வருகிறது, எவ்வளவு போகிறது என்று வைக்கச் சொல்வோம். ஆண்கள் வரவை வைப்பார்கள். செலவை வைக்கத் தெரிந்தவர்கள் பெண்கள். களத்தில் பார்ச்மென்டைத் துழாவிக் காயவைப்பதும் கூலி ஆட்களுக்கு எண்ணிக் கொடுப்பதும் அவர்கள்தான். "பேங்க்காரம்மா வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். நான் எந்த பேங்கிலும் இல்லை என்பதை யாரும் நம்பியதில்லை. ஒருமுறை கணவர் ஐப்பசியில் வைத்த குவியலைப் பார்த்துவிட்டு, "இது பூராம் பறிகூலிக்குப் போயிருமே, இதை வரவுன்னு வச்சா எப்படி?" என்று பாதிக்கு மேல் அள்ளிச் செலவுப் பக்கம் போட்டார் ஓர் அக்கா.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருந்தது. ஆடி, ஆவணி இறுக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட இறுக்கமானது அறுவடைக் காலமேதான். செடியில் பழம் சிவந்து தொங்கும். பறிக்கிறவர்களுக்கு வாரக் கூலி கொடுக்கக் கையில் காசு இருக்காது. பறித்த பழத்தை அன்றைக்கே அரைத்தாக வேண்டும், இல்லையென்றால் ஊறிப்போய் நாற்றம் பிடித்துவிடும். பழமாக விற்கிறவருக்கு இன்றைய விலையைத் தவிர வேறு விலையே கிடையாது. அரைத்து, ஊறவைத்துக் கழுவி, களத்தில் நன்றாகக் காயவைத்த பார்ச்மென்டோ மாதக்கணக்கில் காத்திருக்கும். நூறு கிலோ பழத்துக்குச் சுமார் இருபது கிலோ பார்ச்மென்ட் தேறும். தோல் நீக்கினால் பதினாறு கிலோ கொட்டை.

"அப்ப பல்பர்தாம்மா முதல் நிதிக் கருவி" என்றார் சார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று யாரும் சிரிக்கவில்லை. ஐந்தாறு வீடுகள் சேர்ந்து, பழத்தை அரைக்கும் ஒரு கைப் பல்பர் வாங்கக் கடன் என்றுதான் சங்கத்தின் திட்டம் தொடங்கியது. திருப்பிக் கட்டுவதை மாதத் தவணையாக வைக்காமல் மூட்டைக்கு இவ்வளவு என்று வைத்தோம். வியாபாரியிடமிருந்து கழற்றியது இது. ஆனால் அவரிடம் இல்லாத ஒரு வரம்பும் சேர்த்தோம்: கட்ட வேண்டிய மொத்தத் தொகை முன்பே எழுதப்பட்டிருக்கும், எத்தனை மூட்டை விளைந்தாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய் பிடிக்கக் கூடாது. தணிக்கைக்காரர் தவணைத் தேதி இல்லாத கடனை ஏட்டில் ஏற்ற மறுத்தார். இரண்டு அறுவடை தள்ளி ஒரு கடைசித் தேதியைப் போட்டு சார் அவரைச் சமாதானப்படுத்தினார்.

மகளிர் குழுக் கடனில் இதே சிக்கலுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கியதிலிருந்து பெரும்பாலும் மாதாந்தரத் தவணை என்ற ஒழுங்கில் வளர்ந்தவை. மாதச் சம்பளக்காரருக்கும் பால் ஊற்றுகிறவருக்கும் அது பொருந்தும். ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கிற செடிக்குப் பொருந்தாது. தண்டுத்துளைப்பான் விழுந்த செடியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டால் மூன்று நான்கு ஆண்டு காய்ப்பே இல்லை. அதற்கும் மாதத் தவணைதான் கேட்கிறார்கள்.

விலை சமாச்சாரத்தைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. அரபிகா விலை நியூயார்க்கில் பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று ஓடுகிறது. இப்போது அது எல்லோருடைய வாட்ஸப்பிலும் வருகிறது. சார் சொல்லிக்கொடுத்த மனக்கணக்கு இது: டாலர் விலையை 2.2-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு. அதை டாலரின் ரூபாய் மதிப்பால் பெருக்கு. ஒரு மூட்டை பார்ச்மென்டில் 40 கிலோ கொட்டை, அதனால் 40-ஆல் பெருக்கு. பிறகு தோல் நீக்கும் கியூரிங் கூலியும் லாரி வாடகையும் கழி. இரண்டு டாலர் என்றால், டாலருக்கு 85 ரூபாய் வைத்து, கழிவுக்கு முன் 15,000-க்குப் பக்கத்தில் வரும். நான்கு டாலர் என்றால் 30,000. இது கற்பனை எண்ணில்லை. 2001 கடைசியில் ஐம்பது சென்டுக்கும் கீழே கிடந்த விலை 2025 பிப்ரவரியில் நான்கு டாலரைத் தாண்டியது. இரண்டையும் பார்த்தவர்கள் எங்கள் உறுப்பினர்களில் பலர்.

விலை ஏறினால் சங்கத்துக்குக் கொண்டாட்டம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் சங்கம்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறது. மார்கழியில் உறுப்பினருக்குப் பணம் கொடுத்துச் சரக்கை எடுக்கிறது. கியூரிங் முடிந்து விற்றுப் பணம் வர பங்குனி, சித்திரை ஆகும். இடையில் விலை சரிந்தால் நட்டம் சங்கத்தின் தலையில். அதனால் இரண்டு பட்டுவாடா: முதலில் சந்தை விலையில் ஒரு பங்கு, விற்ற பிறகு மீதி. வயதானவர்களுக்கு இது புதிதில்லை. 1942 சட்டப்படி வந்த காப்பி வாரியத்தின் பூலுக்குத்தான் விவசாயிகள் எல்லோரும் சரக்கை ஒப்படைத்தார்கள். பணம் தவணை தவணையாக வரும். 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி 1996-இல் அது முழுதாக முடிவுக்கு வந்தது. "பூல் காலத்துல கடைசிப் பட்டுவாடா வர்றதுக்குள்ள அடுத்த காப்பியே பழுத்துரும்" என்று ஒரு பெரியவர் சொன்னபோது கூட்டமே சிரித்தது. அந்த நினைவு எங்களுக்கு எதிராகவே வேலை செய்தது.

முதல் பட்டுவாடாவை எவ்வளவு வைப்பது என்பதில் கைவேலை அத்தனையும் இருக்கிறது. அறுபது விழுக்காடு வைத்தால் சங்கம் பத்திரமாக இருக்கும். ஆனால் உறுப்பினர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வியாபாரியிடம் போய்விடுவார். எண்பத்தைந்து வைத்தால் சரக்கு குவியும்; விலை இறங்கிய ஆண்டில் சங்கம் மூழ்கும். கிளிமஞ்சாரோ மலைச்சரிவில் தான்சானியாவின் கே.என்.சி.யூ. கூட்டுறவு ஒன்றியம் 2000-களில் இதே சிக்கலுக்கு விலைக் காப்பு வாங்கியது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே போனால் ஈடு கிடைக்கும், மேலே போனால் ஏற்றம் ஒன்றியத்துக்கே. உலக வங்கி உதவியோடு நடந்த முயற்சி அது. நான் ஆர்வமாக அதைப் படித்துவிட்டு வந்தேன். சார் ஒரே கேள்விதான் கேட்டார்: நியூயார்க்கில் ஒரு ஒப்பந்த லாட் எவ்வளவு? 37,500 பவுண்டு. 17 டன் கொட்டை. பார்ச்மென்டாக 425 மூட்டை. அந்த அளவுக்குச் சரக்கு சேரும் சங்கம் யோசிக்க வேண்டிய கருவி அது. நாங்கள் முதல் பட்டுவாடாவை எழுபதில் நிறுத்தினோம். மீதி எப்போது வரும் என்ற தேதியைச் சங்கச் சுவரில் எழுதினோம். தேதி தவறாமல் ஒருமுறை கொடுத்த பிறகுதான் கூட்டத்தில் கேள்விகள் குறைந்தன.

விவசாயிகளைக் கேட்காமல் மேலிருந்து வகுத்த கருவிகள் என்ன ஆகும் என்பதற்கு சார் இரண்டு உதாரணம் வைத்திருந்தார். ஒன்று 2003-இல் மத்திய அரசு கொண்டுவந்த விலை நிலைப்படுத்தும் நிதி. நான்கு ஹெக்டேர் வரையுள்ள காப்பி, தேயிலை, ரப்பர், புகையிலை விவசாயிகளுக்கானது. ஏழாண்டுச் சராசரி விலையிலிருந்து இருபது விழுக்காட்டுக்கு மேல் ஏறினால் நல்ல ஆண்டு, அதே அளவு இறங்கினால் கெட்ட ஆண்டு. யோசனை நன்றாகவே இருக்கிறது. ஆனால் கணக்கில் போட்டெடுக்கும் தொகை நூற்றுக்கணக்கில், மிஞ்சினால் ஆயிரத்தில் இருந்தது. அவ்வளவு சிறிய காசுக்காக வங்கிக்கு யார் நடப்பார்? 2013-இல் திட்டம் மூடப்பட்டது. இன்னொன்று மழைக் காப்பீடு. பூ மழையும் அதைத் தொடர்கிற மழையும் தவறினால் ஈடு தரும், தோட்டத்துக்கு வந்து பார்க்க வேண்டியதில்லை, மழைமானி சொன்னால் போதும். மலையில் ஒரு முகட்டில் பெய்த மழை அடுத்த முகட்டில் பெய்யாது. மானி நனைந்து தோட்டம் காய்ந்தால் விவசாயிக்கு ஒன்றும் கிடைக்காது. காப்பீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மானியை எங்கே நடுவது என்பதை ஊர்க்காரர்களிடம் விட்டிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

விலை உச்சத்தில் இருந்த பருவத்தில், பட்டுவாடாவில் கொஞ்சம் பிடித்து வைக்கலாம் என்ற பேச்சு பொதுக்குழுவில் வந்தது. எவ்வளவு விலைக்கு மேல் போனால் பிடிப்பது, எவ்வளவுக்குக் கீழே வந்தால் கொடுப்பது என்று நான் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "புடிச்ச காசு யாரு பேருல இருக்கும்? சங்கம் பேருலயா, எம் பேருலயா?" என்றார். அதற்குப் பிறகு கூட்டம் போன திசையே வேறு. ஒவ்வொருவருக்கும் தனிப் பாஸ்புக். மனைவி பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். விலை இறங்கும்வரை காத்திருக்க முடியாது என்றார்கள். நியூயார்க் எப்படியிருந்தாலும் ஆடி வரத்தான் செய்யும். ஆடி முதல் ஐப்பசி வரை யார் வேண்டுமானாலும் தன் கணக்கிலிருந்து எடுக்கலாம், மற்ற மாதங்களில் எடுக்க முடியாது என்று முடிவாயிற்று. என் விலை வரம்புகள் எதுவும் அதில் இடம்பெறவில்லை.

ராத்திரி பத்து மணி ஜீப்புக்குப் பணம் தர மட்டும் சங்கத்தால் முடியவில்லை. அலுவலகம் ஐந்து மணிக்குப் பூட்டப்படுகிறது. ஊருக்கு ஒரு மகளிர் குழுவிடம் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பெட்டிக்கு இரண்டு சாவியா மூன்றா, அவை எந்தெந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை. சார் என்னை வரும் வாரம் மறுபடி வியாபாரியிடம் போகச் சொல்லியிருக்கிறார், ராத்திரிக் கடனுக்கு அவர் வீட்டில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்கிறார் என்று கேட்டு வர.